தேய்ந்த இடத்துக்கு ஒரு சாட்சி

புருஷனுக்கு வேது பிடித்து அவருடைய மூன்று வருஷத்தை ஆவியாக்கியவள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதைப் பரப்பியது என் நாத்தனார் பிலோமினா. வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா? நான் மறுத்துப் பேசியதில்லை. வேது பிடித்தது நிஜம். சளி பிடித்தால் நொச்சி இலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வைத்து, கம்பளியைத் தலையோடு போர்த்தி ஆவி பிடிக்கச் சொல்வது எங்கள் வீட்டில் மட்டுமா நடக்கிறது? திண்டுக்கல்லில் எந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலும் அதைத்தான் செய்வார்கள். வித்தியாசம் ஒன்றுதான். மற்ற வீட்டு ஆண்களுக்குக் காதுக்குப் பின்னால் நினைவுச் சில்லு கிடையாது.

அவர் பெயர் அமலதாஸ். பஸ் நிலையத்தில் தனியார் வண்டிகளுக்கு நேரம் பார்க்கிற வேலை. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எந்த டிரைவர் இரண்டு நிமிஷம் திருடுவான் என்பதெல்லாம் தாளைப் பார்க்காமல் சொல்லுவார். அப்படிப்பட்ட தலையைத் தேடி மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்து எழுந்தவருக்குப் பழசெல்லாம் ஞாபகம் இருந்தது. புதுசு எதுவும் நிற்கவில்லை. காலையில் தின்ற இட்லியைக் கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டு, இன்னும் பலகாரமே போடவில்லை என்று என்னோடு மல்லுக்கு நிற்பார். நான் கான்வென்ட் விடுதியில் சமைக்கிறவள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வடித்துக் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் புருஷனைப் பட்டினி போட்டவள் என்ற பெயர். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத காலம் அது.

புதிய நினைவுகளைப் பதிகிற இடம் வெந்துபோய்விட்டது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்குப் பதிலாகத்தான் சில்லு. புளியங்கொட்டை அளவு இருக்கும். காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், எலும்பை ஒட்டி வைத்துத் தைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் பார்ப்பது, கேட்பது, நினைப்பது எல்லாம் அதில் எழுதப்படும். வேண்டும்போது மூளை எடுத்துப் படித்துக்கொள்ளும்.

"இதுல தப்பு வருமா டாக்டர்?" என்று எங்கள் மகள் ஜெனிட்டாதான் கேட்டாள்.

ஆயிரம் லட்சம் கோடி எழுத்துக்கு ஒரு எழுத்து தப்பலாம் என்றார் டாக்டர்.

"எங்க வண்டிகளுக்கு இது எவ்வளவோ மேல்" என்று சொல்லி இவர் சிரித்தார். ஜெனியும் சிரித்தாள். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை.

சில்லு நன்றாகத்தான் வேலை செய்தது. இரண்டு வருஷம் பழைய அமலதாஸ் திரும்பக் கிடைத்தார். அதற்குள் ஜெனிக்குச் சென்னையில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை கிடைத்தது. ஏரியை ஒட்டிய குடியிருப்பில், தரைத்தளத்தில், ஒற்றை அறை. மாடியில் வீட்டுக்காரர்கள். பஸ் ஏற்றும்போது இவர் சொல்லி அனுப்பினார்: "ராத்திரியில யார் தட்டினாலும் கதவைத் திறக்காத." பெண் பிள்ளையைத் தனியாக அனுப்புகிற எந்த அப்பனும் சொல்வதுதான்.

அந்த வருஷ ஐப்பசி மழையில் ஏரிக்கரை உடைந்தது. ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் வந்தது. மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்து தட்டினார்களாம். கதவு திறக்கவில்லையாம். அப்புறம் அவர்களே இறங்க முடியாத அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. மறுநாள் சாயங்காலம் என் பிள்ளையை அந்த அறைக்குள்ளிருந்து எடுத்தார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அன்றிலிருந்து இவர் கல்லுளிமங்கனாகிவிட்டார். அடக்கத்தில் அழவில்லை. பூசையில் அழவில்லை. வேலையை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். சில நேரம் உதடு மட்டும் அசையும். செபமாலை சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். ஊரே என்னைத் தேற்றியது. பெற்ற அப்பன் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வருஷம் நான் ஒற்றை ஆளாக அழுதேன். அந்தக் கோபம் எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

இந்த வருஷம் மழை தொடங்கியதும் அவருக்குச் சளி பிடித்தது. மூக்கடைப்பில் தூங்க முடியாமல் திணறினார். வேது பிடிக்க வைத்தேன். ஒரு நாளோடு விடவில்லை. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கிவிட்டு வந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"லூர்து, ஜெனி ஞாயித்துக்கிழமை போன் பண்ணலையே?"

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. மூன்று வருஷத்துக்கு முந்தைய முகம் அது.

"வேலை ஜாஸ்தியாம்" என்றேன். வாய் தானாகச் சொல்லியது.

"கண்ணுக்கு மருந்து போடுறவளுக்கு நம்மளப் பாக்க நேரமில்ல பாரு" என்று சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று! கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வி. அதே பதில். அதே சிரிப்பு. அன்று முழுக்க அப்படியே போயிற்று. இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் சாயங்காலம் அவளுக்குப் பிடிக்கும் என்று கடலை மிட்டாய் வாங்கிவந்து, பார்சல் அனுப்பச் சொல்லி என் கையில் கொடுத்தார். அதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் மதுரைக்குக் கூட்டிப் போனேன்.

ஆஸ்பத்திரியில் சில்லு பார்க்கிற பிரிவில் பர்வீன் என்ற பெண் இருந்தாள். ஜெனி இருந்திருந்தால் இந்த வயதுதான். இவர் காதுக்குப் பின்னால் ஒரு வட்டத்தகட்டை ஒட்டிவைத்து எல்லாவற்றையும் படித்து எடுத்தாள். பிறகு அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டாள்.

"தலையில சூடு ஏதாவது பட்டுச்சாம்மா?"

வேதுவைப் பற்றிச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"சில்லுக்குள்ள கோடிக்கணக்குல சின்னச் சின்ன அறை இருக்கும்மா. ஒவ்வொண்ணுலயும் துளியூண்டு மின்சாரத்தைப் பூட்டி வெச்சிருக்கு. அது எவ்வளவு இருக்குன்னு அளந்துதான் எழுத்தைப் படிக்குது. சூடு பட்டா அது கசியும். மண்பானையில தண்ணி கசியுதுல்ல, அப்படி."

"கசிஞ்சா ஞாபகம் போயிருமா?"

"கொஞ்சமா கசிஞ்சா ஒண்ணும் ஆகாது. அக்கம்பக்கத்து எழுத்தை வெச்சுக் கணக்குப் போட்டு அதுவே சரி பண்ணிக்கும். தெனமும் அது நடக்குது, உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நிறைய கசிஞ்சா அந்தக் கணக்குக்குப் பிடிபடாது. அப்ப சில்லு தன்னைத்தானே பூட்டிக்கும். புதுசா எதையும் எழுதாது. சந்தேகமான இடத்துக்கு அப்புறம் இருக்குற எதையும் வெளிய விடாது."

"அதான் மூணு வருஷத்துக்கு முன்னாடி போய் நிக்கிறாரா?"

"ஆமாம்மா."

"நான்தான கெடுத்தேன்?"

பர்வீன் திரையை என் பக்கம் திருப்பினாள். பச்சைப் பச்சையாகக் கட்டங்கள். நடுவில் ஒரு கைப்பிடி அளவுக்குச் சிவப்பு.

"சூடு எல்லா இடத்துலயும் ஒண்ணு போலத்தான் பட்டிருக்கு. பச்சையெல்லாம் தாங்கிக்கிச்சு. இந்த இடம் ஏற்கெனவே தேஞ்சு போயிருந்துச்சு, அதான் தாங்கல."

"தேஞ்சுன்னா?"

"ஒரு விஷயத்தை நெனச்சுப் பாக்கும்போது சில்லு அதை எடுத்துக் குடுத்துட்டுத் திருப்பி எழுதி வைக்கும். எழுதி எழுதி அறைச் சுவரு மெலிஞ்சிரும். மெலிஞ்ச சுவத்துல மின்சாரம் நிக்காது. சாதாரணமா ஒரு ஆயுசுக்கும் தேயாதும்மா. இவரு இந்த ஒரு ராத்திரியை மட்டும் எடுத்து எடுத்துப் பாத்திருக்காரு. மூச்சு விடுறாப்ல பாத்திருக்காரு."

"எந்த ராத்திரி?"

அவள் தேதியைச் சொன்னாள். ஏரி உடைந்த ராத்திரி.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷன் செபமாலை சொல்லவில்லை என்று அப்போது தெரிந்தது. நான் வாய்விட்டு அழுத நேரமெல்லாம் அவர் அந்த ராத்திரிக்குள் இருந்திருக்கிறார். அவரைக் கல் என்று நினைத்ததற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

"சரி பண்ண முடியுமா?"

"முடியும். அதுக்குச் சாட்சி வேணும். சில்லு வைக்கும்போதே உங்களைத்தான் சாட்சியா எழுதிக் குடுத்திருக்காரு. படிக்க முடியாத இடத்துல என்ன இருந்துச்சுன்னு நாங்க கேப்போம். உங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லணும்மா. நீங்க சொல்றதுதான் அவருக்கு ஞாபகமா போகும். நாளைக்கு அவரே வந்து கேட்டாலும் மாத்த முடியாது. அந்தச் சுவத்துல இன்னும் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம். அப்புறம் படிக்க மட்டும்தான் முடியும்."

அந்த ராத்திரியை ஒட்டியிருந்த அடக்கத்து நாளும் சிவப்பின் ஓரத்தில் கசிந்திருந்ததாம். அதிலிருந்து சின்னச் சின்னக் கேள்விகளில் தொடங்கினாள். அடக்கத்தன்று ஜெனிக்கு என்ன நிறத்தில் உடுத்தினோம். பெட்டியின் தலைமாட்டைப் பிடித்தது யார். மழை பெய்ததா. குழியில் முதல் பிடி மண்ணை அவர் போட்டாரா, நான் போட்டேனா. ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான் சொல்லச் சொல்லச் சிவப்புக் கட்டம் பச்சையானது. ஒரு கட்டம் பச்சையாவதற்கு என் பிள்ளையை நான் ஒரு தடவை புதைக்க வேண்டியிருந்தது.

கடைசியில் பர்வீன் தயங்கினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் கொடுத்தாள்.

"இனி இருக்குறது அந்தப் போன் மட்டும்தான்மா."

"எந்தப் போன்?"

"உங்க மக அன்னைக்கு ராத்திரி அவரைக் கூப்பிட்டது."

எனக்கு ஒரு போனும் தெரியாது. அவள் கூப்பிட்டாள் என்று மூன்று வருஷமாக அவர் என்னிடம் மூச்சு விடவில்லை. திரையில் எழுத்தாக வந்தது. குரலாக வராதாம்; சில்லிலிருந்து எடுக்கிறபோது வெறும் எழுத்தாகத்தான் வருமாம். ஆனால் வாசித்ததும் எனக்கு அவள் குரலில்தான் கேட்டது.

'அப்பா, தண்ணி உள்ள வருது. கட்டில் வரைக்கும் வந்துருச்சு. யாரோ கதவைத் தட்டுறாங்க. என்னப்பா செய்ய?'

"இது வரைக்கும் எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கு. இதுக்கு அவர் சொன்ன பதில்தான் மாறி மாறி இருக்கு" என்றாள் பர்வீன்.

"மாறி மாறின்னா? ஒரு போனுக்கு எத்தனை பதில்?"

"நடந்ததையும் நெனச்சுக்கிட்டதையும் சில்லு ஒரே எழுத்துலதான் எழுதும்மா. இதுல எது நடந்தது, எது அவர் அப்புறமா நெனச்சதுன்னு தெரிய நேர முத்திரை இருக்கும். அதுவும் தேஞ்சு போச்சு. ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தை மூடணும். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

ஒவ்வொன்றாகக் காட்டினாள். அதிக தடவை எழுதப்பட்டிருந்தது இதுதான்: 'ராத்திரியில கதவைத் திறக்காதன்னு சொல்லியிருக்கேன்ல? பேசாம கட்டில் மேல ஏறி உக்காரு. விடிஞ்சா வடிஞ்சிரும்.'

இன்னொன்றில், தூக்கம் கெட்ட எரிச்சலில், காலையில் பேசலாம் என்று சொல்லி வைத்துவிடுகிறார். இன்னொன்றில், 'பயப்படாத ஆத்தா, விடிஞ்சதும் மொத வண்டியில அப்பா வர்றேன்' என்கிறார்.

வேறொன்று நீளமாக இருந்தது. அதில், 'கதவைத் திறந்து அவங்களோட மாடிக்குப் போ, ஓடு' என்கிறார். அவள் போகிறாள். தண்ணீர் வடிகிறது. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறாள். கேக்கில் முந்திரி கம்மி என்று என்னிடம் சண்டை போடுகிறாள். பஸ் நிலையத்தில் அவளைத் திரும்ப ஏற்றிவிட்டு, வண்டியை ஒரு நிமிஷம் தாமதமாக எடுக்கச் சொல்லி டிரைவரிடம் இவர் கெஞ்சுகிறார். அதற்கப்புறம் எழுத்து சிதைந்திருந்தது.

அதை நான் இரண்டு தடவை வாசித்தேன். பர்வீன் என்னை அவசரப்படுத்தவில்லை.

"இதை வெச்சா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"அடக்கம் பண்ணதோட முட்டும்மா. ரெண்டும் நெசம்னு தலை சொல்லும். அதுல மனுஷன் நிலைக்க மாட்டாரு."

எழுந்து வெளியே வந்தேன். எனக்குள் கொதித்தது. கதவைத் திறக்காதே என்று சொன்னாரா? தட்டியவர்கள் தட்டிக்கொண்டிருக்கும்போதே சொன்னாரா? சொல்லிவிட்டு என் பக்கத்தில் படுத்துத் தூங்கினாரா? பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தார்.

"நான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கேன்னு ஜெனிகிட்டச் சொல்லிட்டியா? சொல்லாத. பதறியடிச்சு ஓடி வருவா."

கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. எதையும் செய்யாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. பழக்கதோஷத்தில் கையை நீட்டி நிமிர்த்தியபோதுதான் அந்த விடிகாலை ஞாபகம் வந்தது.

சென்னையில் ஏரி உடைந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து எழுப்பியபோது நான் படுக்கையில் இருந்தேன். இவர் அதற்கு முன்னாலேயே சட்டை போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். விடியாத நேரத்தில் எங்கே கிளம்பினார் என்று அப்போது யார் யோசித்தார்கள்? இப்போது யோசித்தேன். முதல் வண்டிக்குக் கிளம்பியிருக்கிறார். வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். அதனால்தான் கிளம்பியிருக்கிறார். போய்ச் சேர முடியாமல் போனதும், தான் சொன்னதைத் தானே கேவலமாக்கி, தினமும் அதை நினைத்து நினைத்துத் தன்னை அடித்திருக்கிறார். எனக்கு அது பட்டப்பகல் போலத் தெளிவாகத் தெரிந்தது.

உள்ளே போனேன்.

"விடிஞ்சதும் வர்றேன்னு சொன்னது. அதான் நெசம்."

"அவர் பேசுனது உங்க காதுல விழுந்துச்சாம்மா?"

"நான் படுத்தா கட்டை. அதுவும் அன்னைக்கு இருமல் மருந்து வேற குடிச்சிருந்தேன். ஆனா விடியிறதுக்கு முன்னாடியே சட்டை போட்டு ரெடியா நின்னாரு. அதை என் கண்ணால பாத்தேன்."

"அவரோட போன்ல பாத்தாத் தெரிஞ்சிருமே?"

"அப்போ வீட்டுல இருந்ததே அந்த ஒரு போன்தான். அது அந்த வாரமே தொலைஞ்சு போச்சுன்னாரு."

பர்வீன் யோசித்தாள். "தெரியாதுன்னும் நீங்க சொல்லலாம்மா. தப்பில்ல. அப்படிச் சொன்னா சில்லு அந்த இடத்தை அக்கம்பக்கத்தை வெச்சு நிரப்பிக்கும். முன்னாடியும் தூக்கம், பின்னாடியும் தூக்கம். அன்னைக்கு அவர் தூங்கினாருன்னு எழுதிக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பெத்த பிள்ளை கூப்பிட்டப்போ தூங்கினாருன்னு எழுதுவியா? அந்தப் பழி எங்களுக்கு வேணாம் தாயி. நான் சொன்னதை எழுது."

எழுதினாள். கடைசிச் சிவப்பும் பச்சையானது.

சில்லைத் திறந்துவிட்டதும் அவர் முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, "ஜெனி இல்லைல்ல?" என்றார். இல்லை என்றேன். மூன்று வருஷம் அழாத மனுஷன் அந்த வராந்தாவில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, என் மடியில் முகத்தை வைத்து அழுதார். நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். நான் சரியானதைத்தான் செய்தேன் என்று அந்த நிமிஷத்தில் உறுதியாக நம்பினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் பேச ஆரம்பித்தார். ஜெனியின் துணிகளை எடுத்து மடித்து வைத்தார். கல்லறைத் திருநாளுக்கு அவளுடைய கல்லறையைத் தன் கையாலேயே கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். சோறு கேட்டுச் சாப்பிட்டார். துக்கம் இருந்தது, ஆனால் இப்போது அது இரண்டு பேருடைய துக்கம். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருகிற அட்வெந்து தொடங்கின வாரம், ஒரு மத்தியானம். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார். தானும் ஒரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கினார். அவர் அந்த வேலைக்கு வருகிற ஆள் இல்லை.

"லூர்து, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ராத்திரி ஜெனி எனக்குப் போன் பண்ணா."

அதற்காகத்தான் நான் காத்திருந்தேன். புதிதாகக் கேட்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் சொன்னார்: தண்ணீர் வருகிறது என்றாள், பயப்படாதே, விடிந்ததும் வருகிறேன் என்றேன். நான் திரையில் வாசித்த அதே வார்த்தைகள். அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"அதை எனக்குச் சொல்லாமயே இருந்துட்டேன்" என்றார். "ஆனா இப்போ சொல்ல வந்தது வேற. எனக்கு ஒண்ணு புரியல. இன்னொண்ணும் ஞாபகத்துல இருக்கு."

"என்னது?"

"விடியக்காலம் ஒண்ணுக்குப் போக எந்திரிக்கிறேன். போனை எடுத்து வெளிச்சம் அடிக்கலாம்னு பாக்குறேன். ஜெனிகிட்டருந்து மிஸ்டு கால். ஒண்ணில்ல, வரிசையா இருக்கு. திருப்பிக் கூப்பிடுறேன், போகல. மறுபடி கூப்பிடுறேன், போகல. சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்புறேன். ராத்திரி படுக்கும்போது நீ இருமி இருமி, மருந்து குடிச்சு அப்பத்தான் அசந்திருந்த. உன் தூக்கம் கெடக்கூடாதுன்னு போனை சைலன்ட்ல போட்டிருந்தேன்."

நான் கீரைக் கொத்தை முறத்தில் வைத்தேன்.

"அந்தப் போனைக் கூட நான் தொலைக்கல, லூர்து. குளத்துல போட்டேன். நீ பாத்துறக் கூடாதுன்னு போட்டேன். அது நல்லா ஞாபகம் இருக்கு. இதையெல்லாம் நான் இத்தனை நாளா நெனச்சே பாத்ததில்ல. கிட்டப் போகவே பயம். இப்பத்தான் ஒவ்வொண்ணா வருது. அப்படியே புதுசா இருக்கு, நேத்து நடந்தாப்ல."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பர்வீன் காட்டிய எந்தப் பதிலும் அவர் சொன்னதில்லை. ஜெனி பேசிய அந்த வரியும் அவள் பேசியதில்லை. அவள் கூப்பிட்டாள், யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன கேட்டிருப்பாள், தான் என்ன சொல்லித் தொலைத்திருப்போம் என்று மூன்று வருஷம் நினைத்து நினைத்து எழுதியதுதான் அந்தச் சிவப்பு. நடந்ததை அவர் தொடவே இல்லை. தொடாத இடம் தேயவில்லை. தேயாததைப் பற்றிச் சில்லும் என்னிடம் கேட்கவில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால், அவர் தூங்கினார் என்று அதுவே சரியாக எழுதியிருக்கும். நான்தான் பெரிய சாட்சி மாதிரி சட்டையைப் பார்த்தேன் என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் ஒரே ராத்திரி. ரெண்டும் தெளிவா இருக்கு. பேசினேன்னும் இருக்கு, எடுக்கலைன்னும் இருக்கு. மொதல்ல பேசிட்டு, அப்புறம் அவ மறுபடி கூப்பிட்டப்போதான் நான் எடுக்கலையோ? இல்ல, பேசவே இல்லையா? யோசிச்சு யோசிச்சு மண்டை வெடிக்குது. நீ பக்கத்துலதான படுத்திருந்த. நீ சொல்லு லூர்து. நான் என் பிள்ளைகிட்டப் பேசினேனா, இல்லையா?"

பர்வீன் இல்லை, திரை இல்லை. தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்று எச்சரிக்க யாரும் இல்லை. நான் இருமினேன் என்று போனை ஊமையாக்கிய மனுஷன் என் எதிரே கையில் கீரையோடு உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொன்னால் இன்று முதல் அதை எடுத்து எடுத்துப் பார்ப்பார். அதுவும் தேயும். தேய்ந்து முடிகிற வரைக்கும் இவர் இருக்க மாட்டார்.

"பேசினீங்க" என்றேன்.

"நெசமா?"

"இருமிட்டு அசந்திருந்தேன், ஆனா தூங்கல. விடிஞ்சதும் மொத வண்டியில வர்றேன்னு சொன்னீங்க. என் காதால கேட்டேன். அதுக்கப்புறம்தான் சைலன்ட்ல போட்டீங்க."

"அவ பேசுனதும் கேட்டுச்சா?"

"நீங்க ஸ்பீக்கரைப் போட்டுத் தெருவுக்கே கேக்குறாப்லதான பேசுவீங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உருவிய கீரையை முறத்தில் போட்டார். அடுத்த கொத்தை எடுக்கவில்லை.

"ரொம்பப் பயந்திருந்தாளா?"

என் பிள்ளை இருட்டில் தண்ணீருக்குள் நின்றுகொண்டு எங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். அதை இனி நான் ஒருத்திதான் அறிந்திருக்க வேண்டும்.

"மொதல்ல பயந்துதான் பேசினா. உங்க குரலைக் கேட்டதும் பயம் போயிருச்சுங்க. சரிப்பான்னு சொல்லிட்டுத்தான் வெச்சா."